ஒரே வீடு, ஒரே பணம், நாலு கணக்கு

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் அன்று நள்ளிரவோடு செல்லாது என்றார். புழக்கத்தில் இருந்த ரொக்கத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளாகவே இருந்தது. அடுத்து வந்த வாரங்களில் வங்கி வாசல்களில் நின்ற வரிசையை நாடே பார்த்தது. அந்த வரிசைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் நடந்தது மட்டும் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை. அரிசிப் பானைக்குள்ளிருந்தும், பட்டுப்புடவை மடிப்புக்குள்ளிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் நோட்டுகள் வெளியே வந்தன. "இவ்ளோ பணம் எப்ப சேத்த?" என்று கணவர்கள் கேட்டார்கள். சில வீடுகளில் அது வியப்பு. சில வீடுகளில் அடுத்த கேள்வியும் வந்தது: "எனக்குத் தெரியாம எதுக்கு?"

தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சிறுவாடு பரம்பரைப் பழக்கம். காய்கறிக்குக் கொடுத்ததில் மிச்சம், பழைய பேப்பர் போட்ட காசு, பொங்கலுக்கு அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போன ஐந்நூறு என்று பத்தும் இருபதுமாகச் சேர்வது. பிள்ளைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்தாலும், ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தாலும் முதலில் கைகொடுப்பது அதுதான்.

அந்தப் பணத்தை வருமான வரித்துறையே ஒரு கட்டத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பணமதிப்பிழப்பு நாட்களில் தன் கணக்கில் 2,11,500 ரூபாய் கட்டிய ஓர் இல்லத்தரசியிடம், இது கணக்கில் வராத வருமானம் என்று சொல்லி வரி கேட்டார்கள். கணவரும் பிள்ளைகளும் உறவினர்களும் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது என்றார் அவர். 2021 ஜூனில் ஆக்ராவில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அந்த நாட்களில் இல்லத்தரசிகள் கட்டிய இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான தொகையை அவர்களுடைய வருமானமாகக் கொள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

வரித்துறைக்குப் புரியவைத்தாயிற்று. வீட்டுக்குள் புரியவைப்பது அதைவிடக் கடினம். கணவன் பார்வையில் அது தன்னிடம் மறைத்த பணம். மனைவி பார்வையில் யாரிடமும் கையேந்தாமல் இருப்பதற்கான பணம். நோட்டுகள் ஒன்றேதான், இரண்டு பேரும் சொல்வதில் பொய்யும் இல்லை. குடும்பங்களில் பணத்துக்காக நடக்கும் சண்டைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் அடியில் கிடக்கிறது. ஒவ்வொருவரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பயத்தோடு பணத்தைப் பழகியவர்கள். "யார் சொல்வது சரி" என்று தீர்ப்புச் சொல்லப் போனால் சண்டைதான் நீளும். பணம் யார் கண்ணில் படுகிறது, யார் கையில் இருக்கிறது, யாரைக் கேட்டுச் செலவாகிறது என்ற ஏற்பாட்டை மாற்றினால் அது பாதி குறையும்.

அப்பாவின் எஃப்.டி., மகனின் எஸ்.ஐ.பி.

அரசுப் போக்குவரத்துக் கழகத்திலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டில், ஓய்வுக்காலப் பணம் வந்த அடுத்த மாதம் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படி இருக்கும்.

"அப்பா, எஃப்.டி.ல ஏழு பர்சென்ட்தான் வருது. விலைவாசி ஏறுறதுக்கே சரியாப் போயிடும். பாதியையாவது மியூச்சுவல் ஃபண்டுல போடலாம்."

"வட்டி கம்மியா வந்தா வந்துட்டுப் போகட்டும். அசல் பத்திரமா இருக்கா, அது போதும்."

மகனுக்கு அப்பா விவரம் தெரியாதவராகத் தெரிகிறார். அப்பாவுக்கு மகன் பட்டுத் தெரியாதவன். இருவரும் எந்த ஆண்டுகளில் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள் என்று பார்த்தால் இருவருடைய பேச்சுக்கும் காரணம் இருக்கிறது.

அப்பா தலைமுறை சேமித்த காலத்தில் வட்டி என்பது பெரிய வரவு. பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக்கு 1986 முதல் 2000 ஜனவரி வரை ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கிடைத்தது. அந்த வட்டியில் போட்ட பணம் ஆறே ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 2020 ஏப்ரல் முதல் அதே திட்டத்துக்கு 7.1 சதவீதம், இரட்டிப்பாகப் பத்து ஆண்டுகள் வேண்டும். சும்மா போட்டுவைத்தாலே பணம் வளர்ந்த காலத்தில் பழகியவருக்கு வேறு வழி தேட அவசியமே இருக்கவில்லை.

தேடியவர்களும் இருந்தார்கள். 1990களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தன. 24 சதவீதம், 36 சதவீதம் என்று ஆசை காட்டி டெபாசிட் வாங்கி, ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயின. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், வேலையை விட்டபோது வந்த பி.எஃப்., எல்லாம் போனது. ஏமாந்தவர்கள் தொகை பெருகியதால்தான் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டத்தை 1997இல் கொண்டுவந்தது. சரி, அரசு சார்ந்த நிறுவனமே மேல் என்று யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 திட்டத்தில் போட்டவர்களுக்கு 2001 ஜூலையில் அடுத்த அடி விழுந்தது. யூனிட்டுகளைத் திரும்ப விற்றுப் பணம் எடுப்பதை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். 1964இல் தொடங்கி, நாடு முழுக்க நடுத்தரக் குடும்பங்கள் வங்கிக்குச் சமமாக நம்பிய திட்டம் அது. 'மியூச்சுவல் ஃபண்ட்' என்று மகன் வாயெடுக்கும்போது அப்பாவுக்கு நினைவு வருவது அந்த ஜூலை மாதம்.

மகனின் கதை வேறு. அவன் வேலைக்குச் சேர்ந்தது 2010க்குப் பிறகு. அவன் பார்த்த பெரிய சரிவு 2020 மார்ச், கொரோனா ஊரடங்கு தொடங்கிய மாதம். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பங்குச்சந்தை பழைய உயரத்தைத் தாண்டிப் போனதையும் அவன் பார்த்தான். 2022 ஆகஸ்டில் நாட்டின் டீமேட் கணக்குகள் பத்துக் கோடியைத் தாண்டின. 2024 ஏப்ரலில், மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. மூலமாக ஒரே மாதத்தில் வந்த பணம் முதல்முறையாக 20,000 கோடி ரூபாயைக் கடந்தது. கூட வேலை பார்க்கிற எல்லாரும் போடுகிற இடத்தில் போடுவது அவனுக்குத் துணிச்சலாகவே தோன்றுவதில்லை.

பழகிய காலம் ஒருவரின் துணிச்சலை எப்படி மாற்றுகிறது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் உல்ரிகே மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகலும் அமெரிக்கக் குடும்பங்களின் பல பத்தாண்டுக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2011இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, வாழ்நாளில் பங்குச்சந்தை மோசமாக இருந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள், கையில் பணம் இருந்தாலும் பங்குகளில் போடத் தயங்கினார்கள். நல்ல ஆண்டுகளைப் பார்த்தவர்கள் துணிந்து போட்டார்கள். வயது, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரிந்தது. புத்தகத்தில் படித்த சரிவைவிட, சொந்தப் பணத்தோடு கடந்துவந்த சரிவுதான் ஆளை மாற்றுகிறது.

அப்பாவின் 'பத்திரம்' என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்தப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. வங்கி திவாலானால் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாக இருந்தது. ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே வங்கியில் போட்டுவைத்திருப்பவருக்கு, மகனுடைய ஃபண்டு பேச்சை ஏற்காவிட்டாலும், இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது. மகனும் அப்பாவும் சேர்ந்து ஒப்புக்கொள்ளக்கூடிய முதல் முடிவாகவும் அது இருக்கும்.

பீரோவில் இருக்கிற வங்கி

அம்மாவின் கணக்கில் எஃப்.டி.யும் இல்லை, ஃபண்டும் இல்லை. நகை இருக்கிறது.

இந்தியக் குடும்பங்களிடம் உள்ள தங்கம் சுமார் 25,000 டன் இருக்கும் என்பது உலகத் தங்கக் குழுமத்தின் மதிப்பீடு. படித்த பிள்ளைகள் நகையை முதலீடாகவே ஒத்துக்கொள்வதில்லை. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. என்று வாங்கும்போதே ஒரு பங்கு போய்விடுகிறது. விற்கப் போனால் கல்லைக் கழிப்பார்கள், அழுக்கைக் கழிப்பார்கள். இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டில் நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த சவரன், 2025 ஏப்ரலில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. எதிர்வாதத்தை அம்மாவுக்குப் பதிலாக விலையே பேசிவிட்டது.

விலை ஏறியிராவிட்டாலும் அம்மா நகையை விட்டிருக்க மாட்டார். பேங்கில் பணம் எடுக்கக் கணவரின் கையெழுத்து வேண்டும், அல்லது அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். ஃபண்டு எதில் இருக்கிறது என்பது மகனுக்குத்தான் தெரியும். வளையலைக் கழற்றிக் கர்ச்சீப்பில் முடிந்து கூட்டுறவு வங்கிக்குப் போனால் அரை நாளில் பணம் கையில் இருக்கும். ஜூன் மாதம் ஃபீஸுக்கு அடகு வைத்து, தை அறுவடையில் மீட்பது டெல்டா கிராமங்களில் வழக்கம். "தாலியத் தவிர எல்லாத்தையும் வச்சாச்சு" என்று ஒரு பெண் சொல்லும்போது அதில் வேதனை மட்டும் இல்லை. குடும்பத்தைக் கரைசேர்த்தது யாருடைய நகை என்ற கணக்கும் இருக்கிறது.

அந்தக் கணக்கை மற்றவர்கள் மறந்துவிடும்போதுதான் பிரச்சினை வருகிறது. கேரளத்தில் 2003இல் திருமணமான ஒரு பெண்ணுக்கு அவர் வீட்டார் 89 சவரன் போட்டார்கள். கல்யாணமான முதல் இரவிலேயே, பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி நகைகளைக் கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார் என்றும், அவர்களுடைய பழைய கடன்களுக்கு அது போய்விட்டது என்றும் அந்தப் பெண் வழக்குப் போட்டார். குடும்பநல நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்றது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. பெண் கொண்டுவரும் சீதனம் அவளுக்கே சொந்தம், அதில் கணவனுக்கு உரிமை கிடையாது என்றது. ஆபத்துக்குக் கணவன் பயன்படுத்தலாம். ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது.

'குடும்பத்துக்காகத்தானே வச்சோம்' என்பது கணவன் வீட்டுப் பேச்சு. 'குடும்பத்துக்காக வைத்தது என் நகை' என்பது மனைவியின் பேச்சு. சட்டம் இரண்டாவது பேச்சின் பக்கம் இருக்கிறது. நகையை அடகு வைக்கும்போதே எப்போது, யார் பணத்தில் மீட்பது என்று பேசிக்கொள்ளும் வீடுகளில் இது கோர்ட்டு வரை போவதில்லை.

சம்பாதித்தது யார்?

"நான் சம்பாதிக்கிறேன், நான்தான் முடிவு பண்ணுவேன்" என்பது பல வீடுகளில் எல்லாப் பேச்சையும் முடித்துவைக்கும் வாக்கியம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாக்கியத்தின் மேல் கைவைத்தது.

வழக்கு தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றினுடையது. கணவர் பல ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. பிறகு, எல்லாம் என் சம்பாத்தியம் என்று கணவர் வழக்குப் போட்டார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பில் மனைவியின் வேலையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்: திட்டமிடுவது, சமைப்பது, நோயாளியைப் பார்ப்பது, வரவுசெலவை நடத்துவது. விடுமுறையே இல்லாத இந்த வேலையை மனைவி செய்ததால்தான் கணவனால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார்.

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண்ணிக்கை தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். பெண்களின் கணக்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு.

பணம் யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்து அது செலவாகும் விதமும் மாறுகிறது. பிரிட்டனில் 1970களின் கடைசி வரை, குழந்தை உள்ள குடும்பத்துக்கான சலுகை பெரும்பாலும் தந்தையின் வரிக்கழிவாகவே கிடைத்தது. பிறகு அதைத் தாயின் கையில் கொடுக்கும் உதவித்தொகையாக மாற்றினார்கள். பொருளாதார அறிஞர்கள் லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் மூவரும் அதன் விளைவைக் கணக்குப் பார்த்து 1997இல் எழுதினார்கள். கை மாறியதும், ஆண்களின் உடைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், பெண்களின் உடைக்கும் குழந்தைகளின் உடைக்கும் ஆகும் செலவு கூடியிருந்தது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. ஆனால் கணக்கு மனைவி பெயரிலும் ஏ.டி.எம். கார்டு கணவன் பர்ஸிலும் இருக்கும் வீடுகளில், 'வரவு' என்ற குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது என்பது முக்கியமான கேள்வி. மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக்கான கூலியைப் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற பயிற்சியும் கொடுத்து ஒரு பொருளாதார ஆய்வு நடத்தினார்கள். அந்தப் பெண்கள் அதிகமாக வேலைக்குப் போனார்கள் என்று 2021இல் அதன் முடிவு வெளிவந்தது. தன் கைக்கு வரும் என்று தெரிந்ததும் உழைக்க மனம் வருகிறது.

வீட்டுக்கு வெளியே போகும் பணம்

கணவன் மனைவிக்குள் தீர்ந்தாலும், உறவு என்ற அடுத்த வட்டம் இருக்கிறது.

ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் மொய் விருந்துக் காலம். கொட்டகை போட்டு, கறி விருந்து வைத்து, வந்தவர்கள் வரிசையாக மொய் எழுதுவார்கள். ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நடத்தலாம் என்பது வழக்கம். வரும் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அங்கே நிறைய உண்டு. வட்டியும் ஜாமீனும் இல்லாமல் ஊரே சேர்ந்து ஒருவருக்குக் கொடுக்கும் முதல் அது. எழுதிய நோட்டு பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும். வாங்கியதைத் திருப்பி எழுதும்போது மேலே கொஞ்சம் கூட்டி எழுதுவார்கள். அது அடுத்த கணக்கின் தொடக்கம்.

அந்த நோட்டை வைத்துதான் அப்பாவுக்கும் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கும் வாக்குவாதம் வருகிறது. மகனுக்கு மாதம் ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. அதே மாதத்தில் பத்து இடத்தில் மொய் செய்ய வேண்டும் என்று அப்பா போன் போடுகிறார். மகன் கண்ணுக்கு அது முகம் தெரியாதவர்களுக்குப் போகிற பணம். அப்பா கண்ணுக்கு அது திருப்பிக் கட்டாத கடன், ஊருக்குள் தலை நிமிர்ந்து நடப்பதற்கான விலை. நோட்டை எடுத்து வைத்து, நம் வீட்டுக்கு யார் எவ்வளவு செய்தார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரு முறை மகனுக்கு வாசித்துக் காட்டினால், அவன் 'செலவு' என்று நினைத்ததில் பெரும்பகுதி 'திருப்பிக் கொடுப்பது' என்பது விளங்கும். புதிதாக எழுத வேண்டியது எவ்வளவு, எதை நிறுத்தலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் சாத்தியம்.

ஜாமீன் கையெழுத்து இதைவிட ஆபத்தான சமாசாரம். "சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான்" என்று கேட்பார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. வங்கி நேராக ஜாமீன்தாரர் வீட்டுக்கு வரலாம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போட்ட கையெழுத்து வக்கீல் நோட்டீஸாக வரும்போது, போன பணத்தைவிட, 'ஒரு வார்த்தை சொல்லல' என்பதுதான் மனைவியைச் சுடுகிறது.

அண்ணன் தங்கைக்கு நடுவில் வருவது, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை. 2005இல் மத்தியச் சட்டமும் மாறியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இது பிறப்பாலேயே வரும் உரிமை, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று தெளிவாக்கியது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் தங்கைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அண்ணன் கணக்கு இப்படி: கல்யாணச் செலவு, தலைப்பிரசவம், ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பிள்ளைகளுக்குக் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர். எல்லாம் செய்தாயிற்று, அப்பா அம்மாவையும் பார்த்துக்கொண்டாயிற்று. தங்கையின் கணக்கு: சீர் என்பது அன்பில் செய்தது, பங்கு என்பது பிறப்பில் வந்தது. அவள் கேட்கத் தயங்குவதும் பணத்துக்காக அல்ல. கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பயன்படுத்தி வாங்கும் கையெழுத்து நியாயமாகாது. பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிவிட்டால், பிறகு அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை.

கூட்டுக் குடும்பத்தில் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் காட்டியது. மூத்த மகன் தான் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்க, வீட்டுக்கு நடுவே கோடு போடும் அளவுக்குப் போகும் கதை. தியேட்டரில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டையே அதில் பார்த்தார்கள்.

சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா?

ஒரே வயது, ஒரே மாதிரி வேலை, ஒரே சம்பளம் உள்ள கணவன் மனைவிக்குள்ளும் சண்டை வருகிறது. சிலருக்குச் செலவு செய்யும்போதே வலிக்கும். அவசியமான செருப்பை வாங்கிவிட்டும் ஒரு வாரம் வருந்துவார்கள். சிலருக்கு அந்த வலியே தெரியாது. இந்த இரண்டு வகையினரையும் ஆராய்ந்த ஸ்காட் ரிக் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், எதிரெதிர் குணமுள்ளவர்களே ஒருவரை ஒருவர் விரும்பித் திருமணம் செய்துகொள்ளும் போக்கைக் கண்டார்கள். தன்னிடம் பிடிக்காத குணம் எதிராளியிடம் இல்லை என்பதே ஈர்ப்பு. திருமணத்துக்குப் பிறகு பணத்துக்காக அதிகம் சண்டை போட்டவர்களும் அந்தத் தம்பதிகளே. பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணத்தில் ஜாதகம் பத்துப் பொருத்தம் பார்க்கிறது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, பெண்ணின் கல்விக் கடன் யார் கட்டுவது என்பதை நேராகக் கேட்க இரண்டு வீட்டாருக்கும் கூச்சம்.

கணக்கைச் சேர்த்து வைப்பது நல்லதா, தனித்தனியாகவா? 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜென்னி ஓல்சனும் ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் நிச்சயமானவர்களும் புதுமணத் தம்பதிகளுமாக 230 ஜோடிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிலரை ஒரே கணக்கில் போடச் சொன்னார்கள், சிலரைத் தனித்தனியாக வைத்திருக்கச் சொன்னார்கள், சிலரை அவர்கள் விருப்பத்துக்கு விட்டார்கள். மற்ற இரு பிரிவினருக்கும் உறவின் நிறைவு காலப்போக்கில் குறைந்தது; ஒரே கணக்கில் வைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. இருவர் கண்ணுக்கும் எல்லாம் தெரிந்ததும், ஒரே நோக்கத்தோடு செலவு செய்ததும் காரணம் என்கிறார்கள்.

அமெரிக்க முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கணவன் குடிக்கிறவன் என்றால், கேட்டதும் கொடுக்கும் பழக்கத்தில் அண்ணன் தம்பிக்கு வாரி இறைக்கிறவன் என்றால், மனைவிக்குத் தனிக் கணக்கு அவசியம், சிறுவாடும் அவசியம். நம்பி வாழ முடிகிற வீடுகளில் ஒரு நடுவழி உண்டு. வாடகை, மளிகை, ஃபீஸ், இ.எம்.ஐ., மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒரு பொதுக் கணக்கு; சம்பளம் வந்ததும் இருவரும் தங்கள் வருமானத்துக்கு ஏற்ற பங்கை அதில் போட்டுவிடுவது. பிறகு ஆளுக்கொரு சிறு தொகை, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாமல். சம்பளமில்லாத மனைவிக்கும் அந்தத் தொகை உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன காரணமே இதற்கும் போதும். பெரியவர்களுக்கும் உண்டு. பேரனுக்கு மிட்டாய் வாங்க மருமகளிடம் காசு கேட்டு நிற்கும் நிலை எந்தத் தாத்தாவுக்கும் வரக்கூடாது.

மறைத்து வைத்ததன் விலை எவ்வளவு என்று ரிசர்வ் வங்கியின் கணக்கும் ஒரு பக்கம் சொல்கிறது. பத்து ஆண்டுக்கு மேல் யாரும் உரிமை கோராமல் அங்கே போய்ச் சேர்ந்திருந்த பணம் 2024 மார்ச் நிலவரப்படி 78,213 கோடி ரூபாய். அதில் கணக்கு வைத்திருந்தவர் இறந்துபோய், அப்படி ஒரு டெபாசிட் இருப்பதே வீட்டில் தெரியாமல் போன பணமும் உண்டு. அதைத் தேட 2023 ஆகஸ்டில் 'உட்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. இறந்தவரின் பெயரோடு பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஒரு விவரத்தைக் கொடுத்தால் எந்த வங்கியில் இருக்கிறது என்று அது காட்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர்தான். உயில் இல்லாவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் அந்தப் படிவம் நிரப்பும் நாளிலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும். மனைவி, மகன், மகள் என்று எல்லார் பெயரும் உள்ளதா என்று பாஸ்புக்கை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அப்பாவின் எஃப்.டி., மகனின் ஃபண்டு, அம்மாவின் அடகு ரசீது, மொய் நோட்டு எல்லாவற்றையும் அதே மேசைமேல் வைத்து, நாலு பேரும் சேர்ந்தே பார்க்கலாம்.